கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளையின் பற்கள்

வெளியூர்க் கல்லூரியில் சேரும் பிள்ளைக்குப் பெட்டி, போர்வை, முஸல்லா, ஊறுகாய் பாட்டில் ஈறாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைக்கும் பெற்றோர்களே! அப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததுண்டா? "வலிக்கிறது என்று அவன் சொல்லவில்லையே" என்பீர்கள். பற்சொத்தையின் தொடக்கத்தில் வலி இருப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள சங்கடம். பல்லின் மேலுறையாகிய எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. குழி ஆழமாக இறங்கி நரம்பை நெருங்கும்போதுதான் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். முன்பே பார்த்திருந்தால் ஒரே நாளில் அடைத்திருக்கலாம். இப்போதோ வேர்ச் சிகிச்சை வேண்டும், பல நாள் நடக்க வேண்டும், செலவும் அதிகம். பழக்கமில்லாத ஊரில், பரீட்சை நேரத்தில், தனியே இருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

எம்மிடம் மஸ்அலா கேட்க வந்த தந்தை ஒருவர், தம் மகனின் கடைவாய்ப் பல்லை அடைக்கும்படி மருத்துவர் சொல்லியும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டதாகக் கூறினார். பல்லை அடைத்துவிட்டால் கடமையான குளிப்பு நிறைவேறாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அவர் எம்மிடம் வருவதற்குள் அந்தப் பல்லையே பிடுங்கியாயிற்று. இந்தச் சந்தேகம் பல வீடுகளில் இருப்பதால் சற்று விளக்கமாகவே கூறுகிறோம்.

ஷாபிஈ மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது ஸுன்னத்து; ஆகவே அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஹனபீ மத்ஹபில் அது பர்ளு. பல்லின் எல்லா இடத்திலும் தண்ணீர் பட வேண்டுமே என்ற கவலை அங்கிருந்து வந்ததுதான். ஆனால், எளிதில் கழற்ற முடியாதபடி பல்லோடு ஒன்றிவிட்ட அடைப்பு, பல்லின் பாகமாகவே கருதப்படும். அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும், குளிப்பு நிறைவேறிவிடும். அடைப்பைப் பெயர்த்தெடுப்பது சிரமமும் தீங்குமாகும். அத்தகைய சிரமத்தை மார்க்கம் சுமத்துவதில்லை. கழற்றி மாட்டும் பொய்ப்பல்லை மட்டும் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும்.

பல்லுக்குக் கம்பி கட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். கோணலாக முளைத்து மெல்லவும் துலக்கவும் தடையாயிருக்கும் பற்களை நேராக்குவது அதில் சேராது, அது சிகிச்சை. ஆனால், கல்லூரி திறக்கும் வாரத்தில் கம்பியைக் கட்டி அனுப்பிவிடாதீர்கள். சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வருடம் வரை மாதந்தோறும் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும். எந்த ஊரில் காட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஞானப்பல்லும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கக்கூடியது. அதற்கு இடமிருக்கிறதா, கோணலாக முட்டுகிறதா என்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஞானப்பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டுமென்பதில்லை.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பழக்கமோ வீட்டிலேயே ஏற்பட வேண்டும். சமுதாயத்துக்குச் சிரமமாகும் என்றில்லாவிடில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உகாய்க் குச்சி கிடைத்தால் நல்லது. பல்லைச் சுத்தப்படுத்தும் சொரசொரப்பான எப்பொருளாலும் அந்த ஸுன்னத்து கிடைத்துவிடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். எனவே பிரஷைக் குறைவாக எண்ண வேண்டாம். ஃபுளோரைடு கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்க உதவும். காலையில் துலக்கும் பிள்ளைகள் இரவில் துலக்காமல் படுத்துவிடுகிறார்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பல்லுக்கு அதிகக் கேடு அப்போதுதான். படுக்கப்போகுமுன் துலக்கிவிட்டு, பிறகு தண்ணீர் தவிர எதுவும் உண்ணாதிருக்கச் சொல்லுங்கள். இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். விடுதியில் மணிக்கொரு டீயும் பிஸ்கட்டும் பல்லை அரித்துவிடும். ஐவேளையும் ஒளூவில் நன்றாக வாய் கொப்பளிக்கும் பிள்ளைக்கு இதிலும் ஓரளவு பாதுகாப்புண்டு.

ரமளானில் ஸஹர் முடிந்ததும், ஸுப்ஹுக்கு முன்பாகவே பற்பசையால் துலக்கிவிட வேண்டும். பகலில் பற்பசை தொண்டையில் இறங்கினால் நோன்பு முறிந்துவிடும். பல் பிடுங்குவதால் மட்டும் நோன்பு முறியாது. ஆனால் இரத்தமோ மருந்தோ உள்ளே இறங்கினால் முறியும். அவசரமில்லாத சிகிச்சையை இரவுக்கு ஒதுக்கிக்கொள்வதே பேணுதல்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே காட்டலாம். கிடைக்காவிட்டால் உம்மாவோ வாப்பாவோ உடனிருந்து ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்குத் தடையில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் பெட்டியிலேயே வைத்தனுப்புங்கள். அந்த ஊர் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிராது.