எஞ்சின் தட்டலும் சூப்பர்சார்ஜரும்: அல்சூர் முதல் மொகிலி மலைச்சாலை வரை

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் பழைய மதராஸ் சாலை, ஹொசகோட்டே, கோலார், முள்பாகல் ஆகிய ஊர்களைக் கடந்து, பலமனேரிக்கு அப்பால் மொகிலி மலைச்சாலை வழியாகச் சித்தூர்ச் சமவெளியில் இறங்குகிறது. அல்சூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அல்சூரில் செவ்வனே ஓடிய பெட்ரோல் வண்டி ஒன்று, சித்தூரில் பாரம் ஏற்றிக்கொண்டு நண்பகல் வெயிலில் மலையேறத் தொடங்கியதும், எஞ்சினுக்குள் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் ஓசை எழுப்புவது உண்டு. பட்டறைகளில் இதனை 'நாக்' என்பர். இக்கட்டுரையில் இது தட்டல் என வழங்கப்படும்.

இவ்வோசையைப் பொருட்படுத்தாது வண்டியை ஓட்டுவோர் பலர். சாதாரண எஞ்சினில் சில மணி நேரத் தட்டலால் பெருந்தீங்கு விளையாமலும் போகலாம். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினில் நிலைமை வேறு. அதில் கடுமையான தட்டல் தோன்றினால், மலைச்சாலையின் உச்சியை எட்டுவதற்குள் பிஸ்டனில் துளை விழுந்துவிடக்கூடும். ஆகவே தட்டல் எவ்வாறு பிறக்கிறது, அதனைக் காதாலும் கருவியாலும் எவ்வாறு அறிவது என்பதை வண்டிகளைப் பராமரிக்கும் கள ஊழியர்களும், வெப்ப இயல் கற்பிக்கும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

தட்டலின் பிறப்பு

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை எழுப்பியதும், சுடர் அங்கிருந்து சீராகப் பரவுகிறது. சுடர் சென்று சேருமுன் சிலிண்டரின் எதிர்ப்புறத்து மூலையில் எஞ்சி நிற்கும் கலவையைக் 'கடைவாயு' எனலாம். முன்னேறிவரும் சுடர் இக்கடைவாயுவை மேலும் அழுத்தி மேலும் சூடேற்றுகிறது. சுடர் வந்தடைவதற்குள் கடைவாயு தன் உஷ்ணத்தாலேயே பற்றிக்கொள்ளுமாயின், அது சீராக எரிவதில்லை. ஒரே கணத்தில் வெடிக்கிறது. அதனால் எழும் அழுத்த அலை சிலிண்டரின் சுவர்களுக்கிடையே மோதி மோதித் திரும்புகிறது. இரும்புச் சுவர் அதிர்கிறது. ஓசை வெளியே கேட்கிறது. சுருங்கக் கூறின், தட்டல் என்பது சுடருக்கும் கடைவாயுவின் பொறுமைக்கும் இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம்.

இதனையும் 'முன்பற்றல்' என்பதையும் ஒன்றெனக் கொள்வது தவறு. தீப்பொறி எழுமுன்னரே, பழுக்கக் காய்ந்த பிளக் முனையோ கரிப்படிவோ கலவையைப் பற்றவைப்பது முன்பற்றல். இவ்விரண்டும் வேறு என்பதை முதன்முதலில் தெளிவுபடுத்தியவர்களுள் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. ஆயினும் இவை ஒன்றையொன்று வளர்க்கும் இயல்புடையவை. தட்டல் பிளக்கைச் சூடேற்றுகிறது. சூடேறிய பிளக் முன்பற்றலைத் தருகிறது. முன்பற்றல் மேலும் கடுமையான தட்டலைத் தருகிறது.

டீசல் எஞ்சினின் தட்டல் மற்றொரு வகையைச் சேர்ந்தது. அங்கே எரிபொருள் தெளிக்கப்பட்ட பின் பற்றிக்கொள்ளத் தாமதிப்பதால், திரண்டு நின்ற எரிபொருள் எரிதலின் தொடக்கத்திலேயே ஒருங்கே எரிகிறது. பெட்ரோல் எளிதில் தானே பற்றிக்கொள்ளலாகாது. டீசல் எளிதில் பற்றிக்கொள்ள வேண்டும். முன்னதை ஆக்டேன் எண்ணாலும் பின்னதைச் சீட்டேன் எண்ணாலும் அளக்கின்றனர். மாணவர்கள் இவ்விடத்தில் குழம்புவது வழக்கமாதலால், ஆசிரியர்கள் சற்று நின்று விளக்குவது நன்று.

சூப்பர்சார்ஜர் செய்யும் வேலை

எஞ்சின் தானே உறிஞ்சும் காற்றைவிட மிகுதியான காற்றை அதனுள் அழுத்திச் செலுத்தும் விசிறியே சூப்பர்சார்ஜர். எஞ்சினின் அச்சினாலேயே சுழற்றப்படுவது ஒரு வகை. வெளியேறும் புகையின் விசையால் சுழல்வது மற்றொரு வகை. அதற்கு டர்போசார்ஜர் என்று பெயர்.

காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பது சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தவர் அனைவரும் அறிந்ததே. 30 பாகை உஷ்ணமுள்ள காற்றை 1.6 மடங்கு அழுத்தும் விசிறியை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 65 சதவீதம் எனின், கணக்கின்படி காற்று ஏறத்தாழ 67 பாகை கூடுதலாகச் சூடேறி, 97 பாகையில் எஞ்சினை அடைகிறது. இனி, அழுத்த விகிதம் 9 உள்ள சிலிண்டரில் கலவை அழுத்தப்படும்போது அதன் தனி உஷ்ணநிலை சற்றேறக்குறைய இருமடங்காகிறது. எனவே நுழைவாயிலில் ஏறிய 67 பாகை, அழுத்தத்தின் முடிவில் 135 பாகைக்கும் மேற்பட்ட ஏற்றமாக வளர்ந்துவிடுகிறது. கடைவாயுவின் பொறுமை எங்கே போய்விடுகிறது என்பதை இக்கணக்கே காட்டும். நுழையும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வெறும் அலங்காரம் அன்று. அங்கே குறைக்கும் ஒவ்வொரு பாகையும் உள்ளே இரண்டு பாகையாகத் திரும்பிவருகிறது.

உயரத்தின் விளைவு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. எஞ்சின் அச்சினால் சுழலும் சூப்பர்சார்ஜர், சுற்றுப்புறக் காற்றை ஏறத்தாழ ஒரே மடங்கில் பெருக்குகிறது. ஆகவே அல்சூரில் அதன் இறுதி அழுத்தமும் பத்திலொரு பங்கு குறைந்தே இருக்கும்; தட்டலும் குறையும். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தவறாது தரும்படி கட்டுப்படுத்தப்பட்ட டர்போசார்ஜரோ, மெல்லிய காற்றை ஈடுசெய்ய அதிகமாக உழைக்க வேண்டியதாகிறது. மேற்கூறிய உதாரணத்தில் 1.6 மடங்குக்குப் பதில் 1.78 மடங்கு அழுத்த வேண்டும். வெளிக்காற்று ஒரே உஷ்ணநிலையில் இருப்பதாகக் கொண்டால், எஞ்சினுக்குள் நுழையும் காற்று ஏறத்தாழ 16 பாகை கூடுதலாகச் சூடேறும். 'மேட்டு நிலத்தில் தட்டல் குறையும்' என்ற பழைய பட்டறை விதி இத்தகைய வண்டிக்குப் பொருந்துவதில்லை.

பெங்களூரின் பழைய அனுபவம்

சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின்கள் பெங்களூருக்குப் புதியன அல்ல. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் அவர்களால் மைசூர் அரசின் துணையோடு நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943-இல் அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் வந்து, போர்க்காலப் பழுதுபார்ப்பு நிலையமாக இயங்கிற்று. அங்கே செப்பனிடப்பட்ட காட்டலினா விமானங்களில் இருந்தவை பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் இரட்டை வரிசை ஆர எஞ்சின்கள். பற்சக்கரத்தால் சுழலும் சூப்பர்சார்ஜர் அவற்றின் உள்ளேயே அமைந்திருந்தது.

விமானத்தில் தட்டலைக் காதால் கேட்க இயலாது. விசிறியின் இரைச்சல் அனைத்தையும் மூடிவிடும். அதனால் காற்றின் நுழைவழுத்தத்திற்கும் சிலிண்டர்த் தலையின் உஷ்ணநிலைக்கும் எல்லை வகுத்து, விமானிகள் மானிகளைப் பார்த்தே எஞ்சினை நடத்தினர். 100 ஆக்டேன் பெட்ரோல் அக்காலத்தில் போர்த் தளவாடமாகவே கருதப்பட்டதற்குக் காரணமும் இதுவே. ஐசோ-ஆக்டேனுக்கு 100 எனவும், ஹெப்டேனுக்குச் சுழி எனவும் வைத்து அளக்கும் முறையை 1920-களில் வகுத்தவர் கிரகாம் எட்கர்.

தட்டலை அடக்கும் ஈய மருந்தைத் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் கண்டறிந்தார். எஞ்சினுக்கு நன்மை செய்த அம்மருந்து மனிதருக்கு நஞ்சாயிற்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டில் அறவே நீக்கப்பட்டது. எத்தனாலும் தட்டலை எதிர்க்கும் ஆற்றல் உடையதே. அது ஆவியாகும்போது பெட்ரோலைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உஷ்ணத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 ஆக இருக்க வேண்டும் என்பது தரவிதி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 95.

இத்தனை உழைப்பையும் ஒரு டப்பா மண்ணெண்ணெய் வீணாக்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. கலப்படப் பெட்ரோலை ஊற்றிய எஞ்சினில் திடீரெனத் தட்டல் எழுவது இயல்பே. வண்டியில் யாதொரு மாற்றமும் செய்யாதிருக்க, ஒரு குறிப்பிட்ட இடத்தில் எரிபொருள் நிரப்பிய பின் ஓசை தொடங்கினால், எஞ்சினைப் பிரிக்குமுன் பெட்ரோலைச் சந்தேகிப்பதே முறை.

தட்டலைக் கண்டறிதல்

மிட்ஜ்லியும் அவருடைய துணைவர் பாய்டும் அமைத்த பழைய கருவியில், சிலிண்டருக்குள் தட்டல் எழுந்தால் ஒரு சிறு ஊசி துள்ளும். துள்ளும்போது மின்சுற்று மூடும். இன்றைய கருவி மிக எளிய தோற்றமுடையது. நடுவில் துளையுள்ள ஒரு வளையம். அதனுள் அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம். வளையத்தை எஞ்சின் உடலோடு இறுக்கும் ஒரு போல்ட். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்ட அழுத்த மின்விளைவே இதன் அடிப்படை.

எஞ்சினில் ஓசைகள் பல. அவற்றுள் தட்டலை எவ்வாறு பிரித்தறிவது? 1930-களில் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் இதற்கு வழிகாட்டினார். சிலிண்டருக்குள் குறுக்காக மோதும் அலையின் அதிர்வெண், வாயுவில் ஒலியின் வேகத்தை 0.586-ஆல் பெருக்கிச் சிலிண்டரின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். எரிந்த வாயுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 950 மீட்டர் செல்கிறது. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு விடை வினாடிக்குச் சுமார் 6,200 அதிர்வுகள். விட்டம் 100 மில்லிமீட்டர் எனின் 5,600-க்குச் சற்றுக் குறையும். பெரிய மணி தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது போன்றதே இது.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. அன்றியும், ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் மேல்முனையைக் கடந்தபின் வரும் சில பத்துப் பாகை அளவிலேயே அது செவி சாய்க்கிறது. மற்ற நேரத்து ஓசையைத் தள்ளிவிடுகிறது. தட்டல் எனத் தெளிந்தால் தீப்பொறியின் டைமிங்கை இரண்டு மூன்று பாகை பின்னுக்குத் தள்ளி, பின்னர்ச் சிறிது சிறிதாக மீட்டுக் கொண்டுவருகிறது. 1978-இல் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் தன் டர்போ எஞ்சின் கார்களில் இத்தகைய கட்டுப்பாட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது.

அந்நாட்டில் உல்லாசத்திற்காக விற்கப்படும் அதிவேகப் பிக்கப் வண்டிகளிலும் இக்கருவியே காவலன். 1999-இல் வந்த ஃபோர்டு லைட்னிங் வண்டியின் சூப்பர்சார்ஜ் செய்த 5.4 லிட்டர் எஞ்சினுக்கு அழுத்த விகிதம் 8.4 மட்டுமே. 2021-ஆம் ஆண்டு ராம் டி.ஆர்.எக்ஸ். வண்டி 702 குதிரைத்திறன் உடையது. அதன் விகிதம் 9.5. தட்டலை உணரும் கருவிகளும் எரிபொருளைத் தெளிக்கும் முறைகளும் முன்னேறியதன் பயனாகவே அழுத்தத்தை இவ்வாறு கூட்ட இயன்றது.

நீடித்த உழைப்பு

தட்டல் எஞ்சினைக் கெடுப்பது ஓசையினால் அன்று. உலோகத்தை ஒட்டி அசைவற்று நிற்கும் மெல்லிய வாயுப்படலம் ஒன்று, சுடரின் உஷ்ணம் பிஸ்டனைத் தாக்காது கம்பளி போற் காக்கிறது. அழுத்த அலை அக்கம்பளியை உரித்தெறிகிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்னரே வலுவிழந்துவிடும். முதலில் பிஸ்டனின் விளிம்பில் மணலால் அரித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். பிறகு ரிங்குகளுக்கிடைப்பட்ட பகுதி விரிசல் காணும். ரிங் உடையும், கேஸ்கட் வழிவிடும், பேரிங்குகள் அடிவாங்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெண்ணிறப் பீங்கானில் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டால், பிஸ்டனின் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள்.

சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மிகுந்த பாரம் இழுக்கும்போது வேறொரு கேடும் நேர்கிறது. எண்ணெய்த்துளியோ படிவோ கலவையை முன்பற்றவைத்து, சாதாரணத் தட்டலினும் பன்மடங்கு கடுமையான ஒற்றை அடியை உண்டாக்குகிறது. டைமிங்கைத் தள்ளிப்போடுவதால் இதனைத் தடுக்க முடியாது. தீப்பொறிக்கு முன்னரே தீ பற்றிவிட்டதே! எஞ்சின் எண்ணெயிலுள்ள கால்சியச் சேர்க்கைகள் இதனைத் தூண்டுவது கண்டறியப்பட்டு, 2018 முதல் எண்ணெய்த் தரவிதிகளில் இதற்கென ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. ஆகவே தயாரிப்பாளர் குறித்த எண்ணெயைத் தவிர வேறொன்றை ஊற்றலாகாது. மேட்டில் உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடுவதும் கூடாது.

இந்தியாவின் பார லாரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடினும், இப்பாடம் அவற்றுக்கும் நெருங்கி வருகிறது. இயற்கை வாயுவில் ஓடும் லாரிகளில் தீப்பொறி எஞ்சினே உள்ளது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜன் எஞ்சின் லாரி ஒன்றைக் காட்சிக்கு வைத்தன. இயற்கை வாயு தட்டலை நன்கு எதிர்ப்பது. ஹைட்ரஜனோ மிகச் சிறிய சூட்டிலும் முன்பற்றும் இயல்புடையது.

கள ஊழியர் கவனத்திற்கு ஒன்று. தட்டல் உணர்வியைக் கழற்றி மாட்டும்போது, போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்குவது பெருந்தவறு. பலவற்றிற்கு 20 நியூட்டன்-மீட்டர் அளவே விதிக்கப்பட்டுள்ளது. அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்க. தளர்ந்திருந்தால் கருவி செவிடாகிறது. மிகைப்பட முறுக்கினால் அதன் உணர்வு மாறுகிறது. அடியில் வாஷர் வைத்தலும், துருவின்மேல் அமர்த்தலும் ஆகா.

ஆசிரியர்கள் பழைய வண்டிப் பொருள் கடையில் இத்தகைய உணர்வி ஒன்றை வாங்கி, ஓர் இரும்புத் துண்டில் போல்ட்டால் பொருத்தி, அதன் இரு முனைகளையும் அலைகாட்டியில் இணைக்கலாம். அலைகாட்டி இல்லையெனில், மாறுமின்னோட்டத்தின் மில்லிவோல்ட்டைக் காட்டும் மல்ட்டிமீட்டர் போதும். சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டினால் முள்ளோ எண்ணோ துள்ளும். பின்னர் போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, அதே விசையோடு மீண்டும் தட்டிக் காட்டுக.