எண்ணெய்க் கசிவும் கடல் நீர்நாயும்

கடலில் சிந்தும் எண்ணெய் பல்வகை உயிரினங்களுக்கும் ஊறு விளைவிக்கிறது. எனினும், வட பசிபிக் கரையோரம் வாழும் கடல் நீர்நாய்க்கு அது இழைக்கும் தீங்கு தனித்தன்மை வாய்ந்தது. அதனை ஆராயுமிடத்து, விபத்திற்குப் பின் எவ்வளவு செலவிட்டாலும் அது முன்னெச்சரிக்கைக்கு ஈடாகாது என்பது புலனாகும்.

ரோமமே காப்பு

திமிங்கிலம் போன்ற கடல்வாழ் பாலூட்டிகளுக்குத் தோலின் அடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. அடர்ந்த ரோமத்திடையே தங்கும் காற்றே குளிர்ந்த நீரில் அதன் உடல் வெப்பத்தைக் காக்கிறது. எண்ணெய் படிந்ததும் ரோமம் ஒட்டிக்கொள்கிறது, காற்று வெளியேறுகிறது, குளிர்நீர் தோலைத் தொடுகிறது. ரோமத்தைத் தூய்மை செய்ய முற்படும் விலங்கு எண்ணெயை விழுங்குகிறது. அதன் ஆவியைச் சுவாசிப்பதால் நுரையீரலும் கெடுகிறது. நாள்தோறும் தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு அளவு இரை உண்டாக வேண்டிய இவ்விலங்கு, இந்நிலையில் நெடுநாள் உயிர்தரிக்க இயலாது.

அலாஸ்கா விபத்து

1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டெஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் பாறையில் மோதியது. ஏறத்தாழ 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. சுமார் 1,000 நீர்நாய்களின் உடல்கள் மீட்கப்பட்டன. மாண்டவை இதனினும் பன்மடங்கு இருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் மதிப்பீடு.

சுமார் 350 நீர்நாய்கள் பிடிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றன. அவற்றுள் ஏறத்தாழ 200 மட்டுமே மீண்டும் கடலில் விடப்பட்டன. இப்பணிக்கு 1.8 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று.

தீங்கு அத்துடன் முடியவில்லை. கரை மணலின் அடியில் தங்கிய எண்ணெய் ஆண்டுக்கணக்கில் அழியாது இருந்தது. மட்டிகளைத் தேடி மணலைத் தோண்டிய நீர்நாய்கள் அதற்கு மீண்டும் மீண்டும் ஆளாயின. அவற்றின் எண்ணிக்கை பழைய நிலையை எய்திவிட்டதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்தது 2014 ஆம் ஆண்டில்தான். ஓரிரவில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

இழப்பின் பரப்பு

நீர்நாய் குறைந்தால், அதற்கு இரையாகும் கடல் முள்ளெலிகள் பெருகி, 'கெல்ப்' என்னும் பெருங்கடற்பாசிக் காடுகளை அழித்துவிடுகின்றன. அக்காடுகளை நம்பி வாழும் மீன்வளமும் குன்றுகிறது. சிறு பரப்பிற்குள் குறைந்த எண்ணிக்கையில் வாழும் கூட்டத்திற்கு அபாயம் இன்னும் பெரிது. ஒரே கசிவு அதனை முற்றிலும் அழிக்கக்கூடும். இதனைக் கருதியே கலிபோர்னியாவில் 1987 முதல் 1990 வரை 140 நீர்நாய்கள் சான் நிக்கோலஸ் தீவிற்கு மாற்றப்பட்டன. ஆயினும் அவற்றுள் சிலவே அங்கு நிலைத்தன.

படிப்பினை

1990 இல் அமெரிக்கா இயற்றிய எண்ணெய் மாசுச் சட்டம், எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவரைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. கப்பற் கட்டுமானத்தில் கூடுதலாகும் செலவு கணக்கேட்டில் உடனே தென்படும். தவிர்க்கப்பட்ட பேரிழப்போ எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. திட்டமிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும்.