கல்லீரல் கேன்சர்: மருந்துச் சோதனை தேடும் வீட்டாருக்குச் சில குறிப்புகள்

முற்றிய நிலை என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர் பேனாவும் ஃபைலுமாக உட்கார வேண்டியிருக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருப்பவருக்காக இது.

1. முதல் நாளே கேளுங்கள். எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு பார்க்கலாம் என்று நம் ஆட்கள் மருந்துச் சோதனையை, அதாவது கிளினிக்கல் ட்ரையலை, கடைசிக்குத் தள்ளுவார்கள். ஈரல் விஷயத்தில் அது ஆகாது. பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் கோத்த நீர், மனத்தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் பார்த்து சைல்டு-பியூ ஏ, பி, சி என்று டாக்டர்கள் தரம் போடுவார்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு ஏ தரம்தான் வேண்டும். சி ஆகிவிட்டால் ஏறக்குறைய இடமே இல்லை. நோயாளி தானே எழுந்து நடந்து, குளித்து, சாப்பிடுகிறாரா என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே, “இவருக்கு சைல்டு-பியூ என்ன? சேரத் தகுந்த ட்ரையல் ஏதாவது உண்டா?” என்று இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

2. ஃபைலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் உள்ள சிடியும் வேண்டும். பயாப்ஸி செய்திருந்தால் கண்ணாடிச் சிலைடோடு, திசு பதித்த மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்குங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி ரிப்போர்ட்டுகளும் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும் இருக்கட்டும். எண்டோஸ்கோபி எதற்கு என்று தோன்றும். அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் போன்ற மருந்துகளைக் கொடுக்கும்போது, உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் இருந்தால் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. அதனால் அதை முன்பே பார்த்துக்கொள்வார்கள்.

3. சோதனைகளின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில், 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவது கட்டாயம். நோயின் ஆங்கிலப் பெயரை, ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா, டாக்டரிடம் பெரிய எழுத்தில் எழுதி வாங்கித் தேடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சோதனைகளுக்கு அமெரிக்க அரசின் கிளினிக்கல் ட்ரையல்ஸ் தளத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று கொடுத்தும் பார்க்கலாம்.

4. பதிவில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். இந்தியாவில் ஆள் சேர்க்கிறார்களா, முடிந்துவிட்டதா என்பது ஒன்று. யாரைச் சேர்ப்பார்கள், யாரை விலக்குவார்கள் என்பது அடுத்தது. மூன்றாவது, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி. பொதுமக்கள் விசாரிக்க என்றே ஒருவரின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். தயங்காமல் கூப்பிடுங்கள், பதிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். பட்டியல் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

5. தமிழ்நாடு என்று மட்டும் தேடாதீர்கள். நமக்குச் சென்னை ஒரு ராத்திரிப் பயணம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே 1981-ல் தொடங்கிய கேன்சர் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி. இருக்கிறது. சோதனையில் சேர்ந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டியிருக்கலாம், தூரம் சின்ன விஷயமல்ல. திருவனந்தபுரம், கொச்சிக்குப் பிறகு வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, மும்பை டாடா ஆஸ்பத்திரி என்று விரியுங்கள்.

6. கீழாநெல்லி, கஷாயம், சூரணம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். புது மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுத்தால் எது கெடுத்தது என்றே தெரியாது. கீழாநெல்லியே சோதனைக்குப் போன மூலிகைதான். 1988-ல் சென்னையில் ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றியவர்களிடம் சோதித்ததில் நல்ல பலன் என்று லான்செட் இதழில் வந்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

7. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் படியுங்கள். புது மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை பெறும் குழு உண்டா, எந்தக் குழு என்று யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள். 2019-ல் வந்த மருந்துச் சோதனை விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

8. சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஆஸ்பத்திரியின் எத்திக்ஸ் கமிட்டி நம்பர் படிவத்தில் இருக்கும், அங்கே கேட்டுவிடுங்கள்.

9. சோதனை கிடைக்காவிட்டால் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஈரல் கேன்சருக்கான சோராஃபெனிப் மாத்திரை ஒரு மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாய் விற்ற காலம் உண்டு. 2012 மார்ச்சில் அதைத் தயாரிக்க நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்ததும் 8,880 ரூபாய்க்கு வந்தது.

10. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரிக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், டிக்கெட் எடுக்குமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.