வண்டி தூக்கிப் போடுகிறதா? முதலில் டயரைப் பாருங்கள்

மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ எடுத்தவர்கள் முதலில் கை வைப்பது டயரில்தான். பெரிய பட்டன் வைத்த, பார்க்க முரட்டுத்தனமான டயரைப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே “வண்டி தூக்கித் தூக்கிப் போடுது” என்று ஷாக் அப்சார்பருக்கு விலை விசாரிப்பார்கள். அந்தச் செலவுக்கு முன் டயர் விஷயத்தை முடித்துவிடுங்கள்.

எந்த ரோட்டில் ஓட்டப்போகிறோம் என்பதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வருடத்தில் நாலு தடவை எஸ்டேட் பாதை, மீதியெல்லாம் பைபாஸ் என்றால் ஏ/டி (ஆல் டெரெய்ன்) டயர் போதும். எம்/டி (மட் டெரெய்ன்) சேற்றுக்கானது. ரோட்டில் இரையும், மழையில் பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். வாரம் தவறாமல் சேற்றில் இறங்குபவரைத் தவிர யாருக்கும் நான் அதைச் சொல்வதில்லை.

ரிம்மைப் பெரிதாக்காதீர்கள். 2020-ல் வந்த தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவுகள் உண்டு. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அதில் எத்தனை சதவீதம் சைடுவாலின் உயரம் என்பதைச் சொல்வது அடுத்த எண். கணக்குப் போட்டால் 16 அங்குல ரிம்முக்குச் சுமார் 184 மி.மீ. சுவர், 18-க்குச் சுமார் 166. கல்லையும் குழியையும் முதலில் வாங்கிக்கொள்வது இந்த ரப்பர் சுவர்தான். 20 அங்குல அலாய் போட்டு அதையும் குறைத்துவிட்டு சஸ்பென்ஷனைத் திட்டி என்ன பயன்?

அளவுக்கு முன்னால் ‘எல்டி’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாரம் ஏற்றும் வண்டிக்கான ரகம். சுவர் தடிமன், எடையும் அதிகம். கூரான கல்லில் சட்டென்று கிழியாது, உண்மைதான். ஆனால் சுமார் 1,200 கிலோ ஜிம்னிக்கு அது இரும்புச் சட்டை. சக்கரம் கனத்தால், குழியில் விழுந்து எழும்போது அதை அடக்க ஷாக் திணறும். கடைக்காரர் “பத்து ப்ளை சார், ஸ்ட்ராங்கு” என்று பெருமையாகச் சொன்னால், அதே அளவில் சாதாரண ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் லோட் இன்டெக்ஸ் மட்டும் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது.

இதையெல்லாம் பார்த்துச் செய்தவரும் கோட்டைவிடும் இடம், காற்று. டயரில் ‘மேக்ஸ்’ என்று அச்சிட்ட பி.எஸ்.ஐ., அந்த டயரின் உச்ச வரம்பு. அதைப் பார்த்து அடித்தால் வண்டி குதிக்காமல் என்ன செய்யும்? உங்கள் வண்டிக்கான எண் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நாம் வாய் திறக்காவிட்டால் பங்க்கில் எல்லா ஜீப்புக்கும் 35, 40 என்று ஏற்றிவிடுவார்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டியை எடுக்குமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடவே காட்டும். அதை நம்பி இறக்கினால் மறுநாள் காலை குறைந்து நிற்கும்.

ஸ்டிக்கர் எண் கம்பெனி டயருக்கானது. எல்டி போட்டிருந்தால் அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். அந்த டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்தே தீர வேண்டும். சாதாரண ரகத்துக்கு ஒரு சாக்பீஸ் போதும். பட்டன்களின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டையாகக் கோடு போடுங்கள். சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.யாகக் குறையுங்கள், ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகாமல். ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் இன்னும் ஏற்ற வேண்டும். கோடு முழுக்க ஒரே சீராக மங்கினால் அதுதான் உங்கள் எண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு டயருக்கும் பேலன்சிங், அலைன்மென்ட் பார்ப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லும் மேடுமான பாதைக்கு மட்டும் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், வேகம் 30-க்குள். ஸ்டீயரிங்கை உதறிய கல்லே இப்போது டயருக்குள் அமுங்கிப் போவது கையில் தெரியும். ரோட்டில் ஏறியதும் நிரப்பிவிட வேண்டும். அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று 80-ல் விரட்டினால் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். அதனால் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது. பேட்டரியில் நேராகக் கவ்வும் வகையாக வாங்குங்கள். லைட்டர் சாக்கெட்டில் செருகுவது இந்த அளவு டயருக்கு முக்கி முனகும், சில நேரம் ஃபியூஸையும் கொண்டுபோகும்.