வீடு காலி செய்யும்போது மாடுலர் கிச்சனை என்ன செய்வது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வாடகை வீட்டில் சொந்தச் செலவில் மாடுலர் கிச்சன் போட்டவர்களுக்கு:

• கழற்றும் முன் வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். அவரே வைத்துக்கொண்டால், ஒப்புக்கொண்ட தொகையை அட்வான்ஸோடு சேர்த்துத் தருவதாக எழுதி வாங்குங்கள்.

• பிளைவுட் பெட்டிகளைக் கழற்றி மாட்டலாம். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துவிட்டால் மறுபடி பிடிக்காது. கீழ்விளிம்பு ஈரத்தில் உப்பியிருந்தால் சுமந்து போகாதீர்கள்.

• சிம்னி, ஸ்டீல் கூடைகள், கீல்கள், கைப்பிடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரானைட் மேடையைத் தொடாதீர்கள், பெயர்த்தால் உடையும்.

• சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகே அடுப்பைத் தொடுங்கள்.

• சிம்னி குழாய் ஓட்டையை அடைத்து, படம் எடுத்து வையுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் வராமல் தவிர்க்க உதவும்.

• மிஞ்சும் பலகையைக் காலி மனையில் வீசாதீர்கள், எரிக்காதீர்கள். அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணிலும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்திலும் அதை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.