சுவர் இருந்தால்தான் சித்திரம்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுதுக.

தீபாவளி என்றாலே திறந்த வாசல்தான். சிலாங்கூர், கோல லங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே அமைந்த ஜெஞ்சாரோமிலும் அப்படித்தான். காலையில் எண்ணெய்க் குளியல், புத்தாடை, கோயில் வழிபாடு. பிறகு உறவினரும் அண்டை அயலாரும் மாறி மாறி வருவர். மலாய், சீன நண்பர்கள் முறுக்கை உரிமையோடு கேட்டு வாங்கி உண்பர்.

2020ஆம் ஆண்டில் அந்த வாசல் மூடியிருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்க மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டுத் தமிழ்ப் புத்தாண்டு வீட்டுக்குள்ளேயே கழிந்தது. இடையில் தளர்ந்த கட்டுப்பாடு, அக்டோபர் 14 முதல் சிலாங்கூரில் மீண்டும் இறுகியது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத் தடை. நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான் அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும், அது வேறு மாவட்டம் என்பதால், அங்குள்ள அக்காள் வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ விருந்துக்குப் போக வழியில்லை.

இத்தகைய வேளையில் நம் வீட்டுப் பெரியோரின் சொற்கள் நினைவுக்கு வரும். தமிழகத்திலிருந்து கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலருக்குப் பள்ளி செல்லும் வாய்ப்பு அமையவில்லை. ஆனால், பழமொழிகளை நெஞ்சில் சுமந்து வந்தனர். பிள்ளைகளைத் திருத்தவும் தேற்றவும் அவையே அவர்களுக்குத் துணையாயின.

“உறவு போகாமல் கெட்டது, கடன் கேளாமல் கெட்டது” என்பது அவற்றுள் ஒன்று. போக்குவரத்து இல்லாவிட்டால் நெருங்கிய சொந்தமும் விலகிவிடும் என்கிறது அது. “சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது மற்றொன்று. உடலும் உயிரும் நலமாக இருந்தால்தான் மற்றவை எல்லாம் என்பது அதன் பொருள். ஒன்று “போ” என்கிறது. மற்றொன்று “இரு” என்கிறது. எதைக் கேட்பது?

நோய் பரவும் காலத்தில், நாம் போவதே உறவினரின் சுவரை இடித்துவிடலாம். வயது முதிர்ந்த தாத்தா பாட்டிக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, அன்று இரண்டாம் பழமொழிக்கே முதலிடம். அதற்காக முதற்பழமொழி பொய்யாகிவிடவில்லை. நடந்து போவதைவிட, நலம் விசாரிப்பதே அதன் உயிர். தொலைபேசியில் அழைத்தவர்களும் காணொலியில் முகம் பார்த்து வாழ்த்தியவர்களும் அதைக் காப்பாற்றினர். தனியாக வாழ்ந்த முதியோருக்கு அந்த அழைப்பு போதுமானதாக இருந்திராது. ஆனால், அழைப்பே வராமற்போனால் அந்த வீட்டின் அமைதி இன்னும் கனத்திருக்கும்.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றுவது குறையன்று. வாழ்க்கையில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்த நாளுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று அறிந்து சொன்னதே பெரியோரின் அனுபவம். அதைக் கற்பதே நம் கடமை.

அருஞ்சொற்பொருள்
நடப்புக்கு வருதல் – செயல்படத் தொடங்குதல்
தேற்றுதல் – ஆறுதல் கூறுதல்
முரண்படுதல் – மாறுபடுதல்

கருத்துணர் கேள்விகள்
1. 2020ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது ஜெஞ்சாரோம் மக்கள் கிள்ளானுக்குச் செல்ல இயலாததற்குக் காரணம் யாது?
2. ‘உறவினரின் சுவரை இடித்துவிடலாம்’ என்னும் தொடர் உணர்த்தும் கருத்து என்ன?
3. முதற்பழமொழி பொய்யாகிவிடவில்லை என்று கட்டுரை கூறுவது ஏன்?
4. உம் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழமொழியைக் கேட்டறிந்து, அதனை அவர் எந்தச் சூழலில் கூறுவார் என்பதை ஒரு பத்தியில் எழுதுக.