வேலிக்கு ஓணான் சாட்சி

இடம்பெயர்ந்தவர்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியதும் முதலில் செய்வது பற்றை வெட்டுவதுதான். 2009 இல் போர் முடிந்த பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் மீளக்குடியமர்ந்தவர்களும் அப்படியே செய்தார்கள். அந்தப் பற்றையில் நமக்கு முன்பே குடியிருப்பது ஓணான். இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

வாழும் முறை

ஓணான் பகலில் இரை தேடும். வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு, புழு என்பன அதன் உணவு. இரவில் மெல்லிய கொப்பைப் பற்றியபடி உறங்கும். பல்லியின் வாலைப் போல அதன் வால் இலகுவில் அறுந்து மீண்டும் வளராது.

இனப்பெருக்க காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவக்கும். பெண்ணைக் கவரவும் மற்ற ஆண்களை எச்சரிக்கவுமே இந்த நிறம். இதைக் கண்டுதான் “தூர நின்றே இரத்தம் உறிஞ்சுகிறது” என்று பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். ஓணான் இரத்தம் குடிப்பதில்லை. அதற்கு நஞ்சும் கிடையாது. கையால் பிடித்தால் கடிக்கும், அவ்வளவுதான்.

பெண் ஓணான் மரத்தால் இறங்கி, ஈரமான மெதுமண்ணில் குழி தோண்டி, பெரும்பாலும் 10 முதல் 20 வரை முட்டையிடும். மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும், காவல் இருப்பதில்லை. ஏறக்குறைய 6, 7 கிழமைகளில் குஞ்சுகள் வெளிவந்து தாமாகவே இரை தேடும்.

நாம் செய்யக்கூடியவை

1. வேலியை முழுவதும் வெட்டி எரிக்காமல் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை நட்டு உயிர்வேலியாக வளர்ப்போம். ஓணானுக்கு வீடும், ஆட்டுக்குக் குழையும், மண்ணுக்குப் பசளையும் கிடைக்கும்.

2. ஓணான் தனியே பூச்சிகளை ஒழித்துவிடாது, தேனீயையும் தின்னும். ஆனால் கண்டபடி நஞ்சு தெளித்தால், கூலி கேளாமல் வேலை செய்யும் ஓணான், தவளை, சிலந்தி எல்லாவற்றையும் இழப்போம்.

3. மண்வெட்டியில் முட்டை அகப்பட்டால், புரட்டாமல் அப்படியே மண்ணால் மூடிவிடுவோம்.

4. ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பது நாமும் சிறுவயதில் விளையாடிய விளையாட்டு. இன்று பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். ஓணான் பற்றைக்குள் ஓடும். பிள்ளையும் பின்னால் ஓடும். மிதிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் ஓணானுக்கு ஆபத்தில்லை, பிள்ளைக்கே ஆபத்து. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பச் சொல்லிக் கொடுப்போம்.

கலந்துரையாடுவோம்

நம் வேலிகளில் எத்தனை வகை ஓணான்களைக் காண்கிறோம்? நம் பிள்ளைகள் எந்தப் பற்றைகளில் விளையாடுகிறார்கள்?